தன்னை நம்பி நாலு பேர் இருக்கும்போது

பிள்ளையைச் சாகசக் குழு ஒன்றில் சேர்க்கலாமா என்று யோசிக்கிற பெற்றோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடுதான் வருகிறார்கள். உடம்பு தேறுமா? பயம் தெளியுமா? செல்போனைக் கொஞ்ச நேரமாவது கீழே வைப்பார்களா? மூன்றுக்கும் தயங்காமல் ஆம் என்று சொல்லிவிடுவேன். மலை நடை போகிற பிள்ளைக்குக் கால் வலுக்கும், பாறை ஏறுகிற பிள்ளைக்குக் கைப்பிடி இறுகும், சிக்னல் கிடைக்காத இடத்தில் செல்போன் தானாகவே தோள்பையின் அடிக்குப் போய்விடும். ஆனால் இத்தகைய குழுக்களோடு தன்னார்வலராகத் துணைக்குப் போய்ப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிற எனக்கு இந்த மூன்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அங்கே போகிற பிள்ளை, இன்னொருவருக்குத் தேவைப்படுகிற ஆளாக மாறுகிறது.

பதின்பருவத்துப் பையன் ஒருவனின் சாதாரண நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் யாரோ எழுப்புகிறார்கள், யாரோ சமைத்துப் போடுகிறார்கள், யாரோ கொண்டுபோய் விடுகிறார்கள். வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் திட்டு அவனுக்கு. மதிப்பெண் குறைந்தால் நஷ்டம் அவனுக்கு. நாள் முழுக்க உழைத்தாலும் அந்த உழைப்பு அவனையே சுற்றிச் சுழல்கிறது. அவன் செய்யாமல் விட்டால் இன்னொருவர் பட்டினி கிடப்பார், மழையில் நனைவார், வழி தவறுவார் என்கிற நிலை ஒருநாளும் வருவதில்லை. உடம்பு அப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டது, மனம் பொறுப்புக்கு ஏங்குகிறது, ஆனால் அவனை நம்பி எதையும் ஒப்படைக்க யாருக்கும் துணிவில்லை. அந்த வயதின் சலிப்புக்கும் எரிச்சலுக்கும் இது பெரிய காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலைகள் தரப்படுவது உண்டு. ஆனால் முடிவெடுக்கும் உரிமை அந்த வேலைகளோடு சேர்ந்து வருவதில்லை.

பாறையேற்றப் பயிற்சியில் ஏறுகிறவரைத்தான் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கீழே கயிறு பிடித்து நிற்கிறவரைப் பார்ப்பேன். ஏறுகிறவரின் இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு, உச்சியில் உள்ள வளையத்தின் வழியாகத் திரும்பி வந்து, கீழே நிற்கிறவரின் இடுப்பில் மாட்டியிருக்கும் சிறிய உலோகக் கருவிக்குள் புகுந்து வெளியேறுகிறது. அப்படி வெளியேறும் பக்கத்தைப் பிடித்திருக்கும் கை எக்காரணத்தைக் கொண்டும் கயிற்றை விடக் கூடாது. மூக்கு அரித்தாலும் சரி, குளவி வந்து சுற்றினாலும் சரி. அந்தக் கை கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் கருவிக்குள் ஏற்படும் உராய்வே கயிற்றை நிறுத்திவிடும். இதற்குப் பெரிய உடல் பலம் தேவையில்லை; கவனம் சிதறாமல் இருந்தால் போதும்.

ஒருமுறை யாரிடமும் அதிகம் பேசாத 13 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த வேலையில் நின்றாள். ஏறப் போகிறவன் அவளைவிட ஒரு தலை உயரம், குழுவிலேயே வாய்த்துடுக்கானவன். ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும் என்பது விதி. அவனுடைய எட்டு வடிவ முடிச்சின் இழைகளை அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவன் இடுப்புப் பட்டையின் வார், கொக்கியில் இரண்டாம் முறை திருப்பிச் செருகப்படாமல் இருப்பதைச் சுட்டிக் காட்டினாள். யார் சொன்னாலும் எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன் வாயைத் திறக்காமல் வாரைச் செருகிக்கொண்டான். பாதி உயரத்தில் அவனுக்குக் கால் நடுங்க ஆரம்பித்தது. “இறுக்கிப் பிடி!” என்று கத்தினான். அவள் தொய்வை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து அமர்ந்தாள்; அவன் எடை கூடுதல் என்பதால் அவள் கால்கள் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பின. பயிற்றுநர் அவள் பின்னால் நின்று கயிற்றின் வாலைப் பிடித்திருந்தார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் கையை விட்டுவிட்டு அந்தரத்தில் தொங்கி மூச்சு வாங்கினான், பிறகு மீதியையும் ஏறி முடித்தான். அவனுடைய அடுத்த முறை வந்தபோது, கயிறு பிடிக்கத் தோதான பெரிய பையன்கள் சும்மா நின்றுகொண்டிருந்தும், நேராகப் போய் அவளைத்தான் கூப்பிட்டான்.

அந்தச் சிறுமிக்குத் தன்னம்பிக்கை பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஓர் உயிரின் எடை தன் கையில் இறங்கியதையும், அதைத் தாங்க முடிந்ததையும் அவள் உடம்பே உணர்ந்துகொண்டது. இதைப் பாராட்டுரையாலோ பரிசுக் கோப்பையாலோ கொடுத்துவிட முடியாது.

பிள்ளைகளிடமே பொறுப்பை ஒப்படைக்கும் இந்த வழி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவுக்கு, சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களை அழைத்துப் போனார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். அவர்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அதில் இருந்த பெரிய பையன் ஒருவனிடம் ஒப்படைத்ததுதான் அவர் செய்த முக்கியமான காரியம். அணியின் ஒழுங்குக்கு அந்தப் பையனே பொறுப்பு. கூடார வாழ்க்கையும் தடம் அறிதலும் முடிச்சுப் போடுதலும் இந்த ஏற்பாட்டுக்குள்தான் நடந்தன. சாரணர் இயக்கம் உலகெங்கும் இன்றும் இந்தச் சிற்றணி முறையில்தான் நிற்கிறது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது; நாற்பது பேர் வகுப்பில் கடைசி வரிசை உண்டு, அணியில் கடைசி வரிசை கிடையாது.

அந்த முகாமில் பெண்கள் இல்லை. ஆனால் 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமிகள் சிலர் தாங்களாகவே சீருடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து, நாங்களும் சாரணர்கள்தான் என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே சாரணியர் இயக்கம் தொடங்கப்பட்டது. யாரும் அழைக்காமல் உள்ளே வந்து தங்கள் இடத்தைக் கேட்டு வாங்கிய அந்தச் சிறுமிகள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இன்னொரு தொடக்கம் போர்க்காலத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கியபோது, உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, உடல் வலுவுள்ள இளைஞர்கள் நம்பிக்கை இழந்து மாண்டுபோகிறார்கள் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். அவரும் கல்வியாளர் குர்ட் ஹானும் சேர்ந்து 1941-ல் வேல்ஸில் உள்ள அபர்டோவியில் இளைஞர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதுதான் அவுட்வர்ட் பவுண்ட். இளைஞர்களிடம் குறைந்திருந்தது தசை வலு அல்ல, இடர் வரும்போது தன்னையும் பக்கத்தில் இருப்பவரையும் நம்பும் பழக்கம் என்பதே அவர்களுடைய கணிப்பு. கடல், மலை, மீட்புப் பணி எல்லாமே அந்தப் பழக்கத்தை உண்டாக்கத் தேர்ந்தெடுத்த கருவிகள்.

முகாமிலிருந்து திரும்பிய உற்சாகம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் 1997-ல் கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டியும் சக ஆய்வாளர்களும் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு வேறு மாதிரி இருந்தது. பங்கேற்றவர்களிடம் ஏற்பட்ட முன்னேற்றம் மங்குவதற்குப் பதிலாக, நிகழ்ச்சி முடிந்த பிறகும் மேலும் கூடியது. நீண்ட நாள் நிகழ்ச்சிகள் குறுகியவற்றைவிடக் கூடுதல் பயன் தந்தன. எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே அளவில் பலன் தந்துவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. எனக்கு இது வியப்பாக இல்லை. தன்னால் ஒரு பொறுப்பைச் சுமக்க முடியும் என்று ஒருமுறை தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்த பொறுப்பை நோக்கித் தானே கையை நீட்டுகிறது.

இன்னும் நீண்ட காலத்தைப் பார்த்தவர்களும் உண்டு. பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்துவரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஏறத்தாழ 10,000 பேரின் விவரங்களை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். சிறுவயதில் சாரணர் அல்லது சாரணியர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு 50 வயதில் பதற்றம், மனச்சோர்வு போன்ற பாதிப்புகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருந்தது. வறுமையில் பிறந்தவர்களுக்கு மனநலப் பாதிப்பு கூடுதலாக இருக்கும் என்கிற வழக்கமான ஏற்றத்தாழ்வும் இவர்களிடம் பெரிதும் மறைந்திருந்தது. இயக்கத்தில் சேர்ந்ததுதான் காரணம் என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஏற்கெனவே உறுதியான பிள்ளைகளே சேர்ந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஏழைப் பிள்ளைகள் பற்றிய அந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

செல்போன் கேள்விக்கு வருகிறேன். 2014-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் இயற்கை முகாமில் எந்தத் திரையும் இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். புகைப்படங்களிலும் காணொளிகளிலும் உள்ள முகங்களைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுகொள்ளும் திறன், வழக்கம்போல் வீட்டில் இருந்த பிள்ளைகளைவிட இவர்களிடம் கூடுதலாக முன்னேறியிருந்தது. ஐந்தே நாளில்! சேர்ந்து நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரின் முகத்தைப் படித்தாக வேண்டியிருக்கிறது. முணுமுணுப்பவன் காலில் கொப்புளம் இருக்கலாம், திடீரென்று அமைதியாகிவிட்டவளுக்குத் தண்ணீர் தீர்ந்திருக்கலாம். நல்ல குழுக்களில், மிக மெதுவாக நடக்கிறவரை முன்னால் விட்டு அவர் வேகத்துக்கே எல்லோரும் நடக்கும் வழக்கம் உண்டு. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தே பழகிய பிள்ளைக்கு அது எவ்வளவு கடினமான பாடம் என்பதைப் பக்கத்தில் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

சாகசம் என்றதும் பயப்படுகிற பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: பதின்பருவத்துப் பிள்ளை எப்படியும் ஆபத்தைத் தேடிப் போகும். 2005-ல் உளவியல் ஆய்வாளர்கள் லாரன்ஸ் ஸ்டீன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் நடத்திய சோதனையில், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டை வெவ்வேறு வயதினர் தனியாகவும் சக வயதினர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஆடினார்கள். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்றதும் பதின்பருவத்தினர் கூடுதலாகத் துணிச்சல் காட்டினார்கள். வளர்ந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. நண்பர்களின் கண்ணுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்றால், அந்தக் கண் எதைப் பார்த்து மெச்சுகிறது என்பதுதானே முக்கியம்? தெருவில் வண்டியைச் சீறவிட்டால் கைதட்டும் கூட்டம் ஒன்று. முடிச்சை இரண்டாம் முறை சரிபார்த்தவனை, ஆற்றில் நீர் கூடிவிட்டது, திரும்பிவிடலாம் என்று சொன்னவளைப் பெரிய ஆளாக மதிக்கும் கூட்டம் இன்னொன்று. நல்ல சாகசக் குழு, துணிச்சலின் இலக்கணத்தையே பிள்ளைகளுக்குள் மாற்றி எழுதிவிடுகிறது.

வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து அனுப்பும் நாள் எனக்கு மிகவும் பிடித்தது. கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் வகுத்த விதியை ஒட்டிய கணக்கு. பிள்ளைகளுக்கும் சுமைக்கும் தகுந்தபடி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வகுப்பறையில் சலிப்பூட்டிய வகுத்தல், இருட்டுவதற்குள் முகாம் போய்ச் சேர்வோமா என்ற கேள்வியாக வரும்போது ஆறு தலைகள் ஒரே காகிதத்தின்மேல் குனிகின்றன.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வாக்குவாதம் வரும். வழிகாட்டிக்கு விடை தெரியும், ஆனாலும் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் தவறான கிளையில் போவார்கள், அவரும் கூடவே போவார். கொஞ்ச தூரம் போனபின் யாராவது ஒரு பிள்ளை நின்று, ஓடை நமக்கு இடப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கும். மறுபடி வரைபடம் விரியும். தவறான வழியைச் சொன்னவன்மேல் பாயத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரம் அந்தச் சண்டைக்கு இடம் கொடுக்காது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் வழிகாட்டியின் திறமை. ஆபத்து எல்லை எது, வெறும் சிரமத்தின் எல்லை எது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது வந்தால் உடனே குறுக்கிட வேண்டும், இரண்டாவதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

முகாம் வேலைகளில் மின்னுகிற சாகசம் எதுவும் இல்லை. தண்ணீர் சுமக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும், கூடாரத்தின் முளைகளைச் சாய்வாக அடிக்க வேண்டும். கழிப்பறைக் குழியும் தோண்ட வேண்டும்: நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். முகம் சுளிக்காத பிள்ளை இல்லை. ஆனாலும் அடுத்த நாள் புதிதாக வந்த சின்னப் பிள்ளைக்கு, ஏன் அவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும் என்று அதே பிள்ளைகள் விளக்கிக்கொண்டிருப்பார்கள். வயது கலந்திருப்பது இந்தக் குழுக்களின் பெரிய வரம். பள்ளி பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்துவிடுகிறது. இங்கே பத்து வயதுக்காரன் பதினைந்து வயதுக்காரியைப் பார்த்துக் கற்கிறான், அவளோ அவன் தன்னைப் பார்க்கிறான் என்பதாலேயே ஒழுங்காகச் செய்கிறாள்.

இவ்வளவு சொன்னாலும், எந்தக் குழுவிலும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைச் சேர்க்கச் சொல்ல மாட்டேன். 1993-ல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகளில் பயணம் போன பள்ளி மாணவர்களில் நான்கு பேர் கடலில் இறந்தார்கள். போதிய பயிற்சியும் ஏற்பாடுகளும் இல்லாமல் அழைத்துச் சென்றிருந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1995-ல் அங்கே சாகச மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. வேறு வகை ஆபத்தும் உண்டு. அமெரிக்கச் சாரணர் அமைப்பு, பிள்ளைகள்மீது நடந்த பாலியல் கொடுமைகள் தொடர்பான வழக்குகளால் 2020-ல் திவால் பாதுகாப்பு கோரியது; 80,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். வெட்டவெளியையும் நம்பிக்கையையும் கொடியவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதை இந்தக் குழுக்களை நேசிக்கிறவர்கள்தான் முதலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். தலைமை தாங்குகிறவருக்கு அந்தக் குறிப்பிட்ட செயலில் பயிற்சி இருக்கிறதா? மலை தெரிந்தவருக்குக் கடல் தெரியும் என்று அர்த்தமில்லை. முதலுதவி கற்றவர் யார்? வானிலை கெட்டால் மாற்று ஏற்பாடு என்ன? பெரியவர் ஒருவர் மட்டும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்க நேராதபடி விதி இருக்கிறதா? பிள்ளை புகார் சொல்ல விரும்பினால் குழுவுக்கு வெளியே யாரிடம் சொல்ல வேண்டும்? இவற்றுக்கு எரிச்சலோடு பதில் வந்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். இன்னொன்றையும் கேட்பேன்: ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கேலி செய்தோ கட்டாயப்படுத்தியோ ஏற்றிவிடுகிற இடம் பயத்தைத் தெளிவிக்காது, ஆழமாகப் பதித்துவிடும். ஏற மறுக்கிற பிள்ளைக்குக் கயிறு பிடிக்கும் வேலையோ நேரம் குறிக்கும் வேலையோ கொடுத்து அணிக்குள் வைத்துக்கொள்கிற இடம்தான் சரியான இடம்.

காசு இன்னொரு தடை. விலையுயர்ந்த காலணியும் மழைச்சட்டையும் இருந்தால்தான் வரலாம் என்றால், மிகவும் தேவைப்படுகிற பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பொருள்களைக் குழுவே வாங்கி வைத்து இரவல் கொடுக்கலாம். பல இடங்களில் கொடுக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கும் பார்வையற்ற பிள்ளைக்கும் அணியில் உண்மையான வேலை இருக்க வேண்டும், பார்வையாளர் இடம் போதாது.

எல்லாம் நன்றாக நடந்து பிள்ளை வீடு திரும்பிய பிறகு நடப்பதுதான் எனக்கு அடிக்கடி மனவருத்தம் தருகிறது. ஆறு பேருக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்த பெண்ணின் கையிலிருந்து தோள்பையை அம்மா வாங்கிக்கொள்கிறார்; சாப்பிட்ட தட்டைக்கூட அவள் எடுக்க விடாமல் யாரோ எடுத்துவிடுகிறார்கள். அன்பினால்தான். ஆனால் அங்கே தேவைப்பட்ட ஆள் இங்கே மறுபடி யாருக்கும் தேவைப்படாத ஆளாகிவிடுகிறாள். எவ்வளவு உயரம் ஏறினாய் என்று கேட்பதோடு, உன் அணியில் உனக்கு என்ன வேலை என்றும் கேளுங்கள். பதில் நீளமாக வரும், பொறுமையாகக் கேளுங்கள். பிறகு வீட்டிலும் அப்படி ஒரு வேலையைக் கொடுங்கள். அடுத்த குடும்பப் பயணத்தை முழுவதுமாக ஒப்படைக்கலாம்: எந்த வழி, எத்தனை மணிக்குக் கிளம்புவது, டிக்கெட், எங்கே இறங்கி எங்கே மாறுவது எல்லாம் பிள்ளையின் முடிவு. இடையில் மூக்கை நுழைக்காதீர்கள். கணக்குத் தப்பி பஸ்ஸைத் தவறவிட்டால் குடிமுழுகிப் போகாது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பிள்ளையே விசாரித்து வந்து சொல்லட்டும்.